சூப்பர்சார்ஜர் ஆயிலை வீட்டிலேயே மாற்றலாம், இறுகிப்போன பிளக்கையும் கழற்றலாம்

சூப்பர்சார்ஜர், அதாவது இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் ஊதுகருவி, உள்ள பல கார்களில் இன்ஜின் ஆயில் ஒன்று, கியர்பாக்ஸ் ஆயில் ஒன்று, அது போக சூப்பர்சார்ஜருக்கென்றே மூன்றாவதாக ஓர் ஆயிலும் உண்டு. மொத்தமே ஒரு டம்ளருக்குள் அடங்கிவிடும் என்பதால் யாருக்கும் அதன் நினைப்பு வருவதில்லை. ஆயில் மாற்றித் தரும் கடைகளில் கேட்காமல் அதைத் தொடமாட்டார்கள். பழைய காராக வாங்கியிருந்தால், தொழிற்சாலையில் ஊற்றியதே இன்னும் உள்ளே கிடக்க வாய்ப்பு அதிகம்.

மாற்றுவது அரை மணி நேர வேலை. ஆனால் அந்த அரை மணி நேரத்துக்குள் நுழைய ஆயில் துளையை மூடியிருக்கும், மரை போட்ட ஒரு சின்ன பிளக் கழன்று வர வேண்டும். பல வருஷம் யாரும் தொடாத பிளக் சும்மா வந்துவிடாது. அதனால் இந்தக் கட்டுரையில் பாதிக்கு மேல் அந்த பிளக்கைப் பற்றித்தான். புதிதாகச் செய்கிறவர்கள் தோற்பது அங்கேதான்.

ஒரே ஒரு இன்ஜினை வைத்துச் சொல்கிறேன். ஜெனரல் மோட்டார்ஸின் 3800 சீரிஸ் 2, அதாவது எல்67. 3.8 லிட்டர் வி6, 240 குதிரைத்திறன், மேலே ஈட்டன் எம்90 சூப்பர்சார்ஜர். 1997 முதல் 2003 வரை வந்த போன்டியாக் கிராண்ட் பிரி ஜி.டி.பி., பியூக் ரீகல் ஜி.எஸ்., பார்க் அவென்யூ அல்ட்ரா, போன்வில் எஸ்.எஸ்.இ.ஐ. எல்லாவற்றிலும் இதுதான். என்னிடம் இருப்பது கிராண்ட் பிரி. இந்த இன்ஜின் பிறந்தது மிச்சிகனின் ஃபிளின்ட் நகரில். நான் இருப்பதும் மிச்சிகன்தான். இங்கே பனிக்காலம் முழுக்க சாலையில் உப்பைக் கொட்டுவார்கள். பானெட்டுக்குள் உள்ள ஒவ்வொரு போல்ட்டிலும் அது தெரியும்.

எதற்கு இந்த ஆயில்

எம்90 என்ற பெயரில் உள்ள 90, ஒரு சுற்றுக்கு அது தள்ளும் காற்றின் அளவு: 90 கன அங்குலம், கிட்டத்தட்ட ஒன்றரை லிட்டர். உள்ளே மும்மூன்று மடல் கொண்ட இரண்டு ரோட்டர்கள் முறுக்கிய கயிறு போலப் பக்கத்தில் பக்கத்தில் சுற்றுகின்றன. இந்த வகை ஊதுகருவிக்கு ரூட்ஸ் என்று பெயர். 1860-ல் இண்டியானாவில் அதற்குக் காப்புரிமை வாங்கிய ரூட்ஸ் சகோதரர்களின் குடும்பப் பெயர் அது. அப்போது கார் என்ற ஒன்றே கிடையாது.

இந்த இரண்டு ரோட்டர்களும் ஒன்றை ஒன்று தொடவே கூடாது. மயிரிழை இடைவெளியில், இன்ஜினைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் சுற்ற வேண்டும். இன்ஜின் 6,000 சுற்றில் இருந்தால் ரோட்டர் 12,000-ஐத் தொடும். இரண்டும் மோதாமல் பார்த்துக்கொள்வது முன்பக்கம் உள்ள ஒரு ஜோடிப் பல்சக்கரம். அந்தப் பல்சக்கரங்களும் முன்பக்க பேரிங்குகளும் குளிப்பது நாம் பேசும் ஆயிலில்தான். பின்பக்க பேரிங்குகளுக்குக் கிரீஸ் வைத்தே மூடிவிட்டார்கள், அதை நாம் தொட வேண்டியதில்லை. இன்ஜின் ஆயிலுக்கும் இதற்கும் எந்த வழியாகவும் தொடர்பு கிடையாது. இது தீர்ந்தால் டாஷ்போர்டில் விளக்கும் எரியாது.

30,000 மைலுக்கு ஒரு தடவை அளவு பார்க்கச் சொல்லிக் காரோடு வரும் கையேட்டிலேயே இருக்கிறது. பார்க்கத்தான் சொல்கிறார்கள், மாற்றச் சொல்லவில்லை. ஆனால் இருபது வருஷம் தாண்டிய காரில் வெறும் அளவு பார்த்து மூடுவதில் எனக்கு உடன்பாடில்லை. பிளக்கைத் திறப்பதுதான் கஷ்டம். திறந்த பிறகு மாற்றாமல் விடுவானேன்?

வாங்க வேண்டியவை

முதலில் ஆயில். ஜெனரல் மோட்டார்ஸ் பாக எண் 12345982, 4 அவுன்ஸ் புட்டியில் வரும். கொஞ்சூண்டு ஆயிலுக்கு இவ்வளவு விலையா என்று தோன்றும். இருந்தாலும் இதற்குப் பதில் இன்ஜின் ஆயிலையோ கியர் ஆயிலையோ ஊற்றாதீர்கள். இது அதிவேகப் பல்சக்கரத்துக்கென்றே செய்த செயற்கை ஆயில். இரண்டு புட்டி வாங்கிக்கொள்ளுங்கள். ஏன் இரண்டு என்று பின்னால் சொல்கிறேன்.

அப்புறம் 3/16 அங்குல ஆலன் கீ. இதில் மட்டும் கவனம் வேண்டும். 3/16 அங்குலம் என்பது 4.76 மி.மீ. நம்மில் பலர் வீட்டில் இருப்பது மெட்ரிக் செட். அதில் 5 மி.மீ. உள்ளே போகாது. 4.5 மி.மீ. போகும், ஆனால் ஆடும். 'போகிறதே' என்று அதை வைத்துத் திருப்பினால் பிளக்கின் ஆறு மூலையும் ஒரே திருப்பில் வழுவழுவென்று ஆகிவிடும். எல் வடிவக் கீயைவிட, ராட்செட்டில் மாட்டும் ஹெக்ஸ் பிட் சாக்கெட் நல்லது. நுனி உருண்டையாக இருக்கும் பால்-எண்ட் கீயைக் கிட்டவே கொண்டுவராதீர்கள். கோணலாக உள்ள போல்ட்டை வேகமாகச் சுற்றி எடுக்கத்தான் அது லாயக்கு, இறுகியதை உடைக்க அல்ல.

60 மில்லி சிரிஞ்சு ஒன்று, அதன் முனையில் செருக மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும் மெல்லிய ரப்பர் குழாய் ஓரடி. பிரேக் கிளீனர், பல் துலக்கும் பழைய பிரஷ், ஊடுருவும் எண்ணெய், சின்ன சுத்தியல், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை. இன்னொன்று, வெறும் பழந்துணி நாலைந்து.

பிளக் இருக்கும் இடம்

இன்ஜின் குறுக்குவாட்டில் உட்கார்ந்திருக்கிறது. பெல்ட்டெல்லாம் இருப்பது பயணி பக்கம், அமெரிக்கக் கார் என்பதால் அது வலப்பக்கம். அங்கே இரண்டு பெல்ட் உண்டு, வெளியில் இருப்பது சூப்பர்சார்ஜருடையது. அந்த பெல்ட் ஏறும் புல்லிக்குப் பின்னால் உருண்டையாக நீளும் அலுமினியப் பகுதியைத்தான் மூக்கு என்கிறார்கள். அது சூப்பர்சார்ஜரின் உடலோடு சேரும் இடத்தில், மேல்பக்கம், ஆறுமுனைப் பள்ளத்தோடு ஒரு சின்ன பிளக் தெரியும். தெரியாவிட்டால் அழுக்குக்கு அடியில் இருக்கிறது என்று அர்த்தம். ஊற்றுவதும் உறிஞ்சுவதும் அளவு பார்ப்பதும் இந்த ஒரே துளை வழியாகத்தான். அடியில் வடிகால் பிளக் கிடையாது.

காரைச் சமதளத்தில் நிறுத்துங்கள். இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும், இரண்டு மூன்று மணி நேரமாவது. சூடாக இருக்கும்போது திறந்தால் உள்ளே அழுத்தம் சேர்ந்து ஆயில் பீறிட்டு முகத்தில் அடிக்கும். நான் ராத்திரி நிறுத்திவிட்டுக் காலையில்தான் கை வைப்பேன். புல்லியையும் பெல்ட்டையும் ஒரு துணியால் மூடிவிடுங்கள். இந்த ஆயில் பெல்ட்டில் பட்டால் பெல்ட் வழுக்கும்.

திருப்புவதற்கு முன்

இனி அவசரப்படக் கூடாது. பிளக் கெட்டுப்போவது பெரும்பாலும் முதல் திருப்பிலேயே, அதுவும் கீ முழு ஆழத்துக்கு இறங்காததால்தான். இருபது வருஷத்து மண்ணும் எண்ணெயும் கலந்து அந்தப் பள்ளத்தின் அடியில் தார் மாதிரி உறைந்திருக்கும். பார்வைக்குப் பள்ளம் திறந்துதான் இருக்கும். கீயும் உள்ளே போகும். ஆனால் பாதி ஆழம்தான் போயிருக்கும். பாதிப் பிடியில் முழு பலம் கொடுத்தால் மூலைகள் தேயாமல் என்ன செய்யும்?

என் காரில் முதல் தடவை ஒரு ஊசியால் கிளறியபோது பட்டாணி அளவுக்குக் கறுப்பு உருண்டை ஒன்று வந்தது. அதற்குப் பிறகு கீயை வைத்தால் இன்னும் இரண்டு மி.மீ. இறங்கியது. அந்த இரண்டு மி.மீ. இல்லாமல் திருப்பியிருந்தால் அன்றைக்கே துளைபோடும் வேலையில் போய் நின்றிருப்பேன்.

ஆகவே முதலில் பிளக்கைச் சுற்றிப் பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்துவிடுங்கள். திறக்கும்போது மண் உள்ளே விழுந்தால் அது நேராகப் பல்சக்கரத்தில்தான் விழும். அப்புறம் கூர்மையான ஊசியால் பள்ளத்தைக் கிளறி, பிரேக் கிளீனரைக் கொஞ்சம் அடித்து, மறுபடி கிளறுங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள், திருப்பி அடிக்கும். அடியில் உலோகம் பளிச்சென்று தெரிய வேண்டும்.

இப்போது பிட்டைச் செருகி, அதன் தலையில் சுத்தியலால் இரண்டு மூன்று தட்டு. ஆணி அடிப்பது போல அல்ல, கதவைத் தட்டுவது போல. இதில் இரண்டு பலன்: பிட் கடைசிவரை இறங்கும், மரைக்குள் உள்ள துருவின் பிடியும் அதிர்ச்சியில் கொஞ்சம் விடும். ராட்செட்டை மாட்டி, ஒரு கையால் பிட்டின் தலையைக் கீழ்நோக்கி அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதலில் இறுக்கும் பக்கம் ஒரு நூலளவு. அப்புறம் கழற்றும் பக்கம். நல்ல பிளக்காக இருந்தால் 'டக்' என்று ஒரு சத்தத்தோடு விட்டுவிடும். அந்தச் சத்தம் வந்தால் பாதி வேலை முடிந்தது. ரப்பர் போல மெதுவாக வளைந்து கொடுப்பதாகத் தோன்றினால் நிறுத்துங்கள். வளைவது உங்கள் பிட், அல்லது தேய்வது பள்ளம்.

அசையவே இல்லை என்றால்

இரும்பு பிளக், அலுமினிய உடல், இடையில் ஈரம், உப்பு. இரண்டு வேறு உலோகங்கள் இப்படிச் சேர்ந்தால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகி மரையை நிரப்பிவிடும். அதைப் பலத்தால் ஜெயிக்க முடியாது, நேரம் கொடுத்துத்தான் ஜெயிக்க வேண்டும்.

பிளக்கின் விளிம்பைச் சுற்றி ஊடுருவும் எண்ணெயை விடுங்கள். பி.பி. பிளாஸ்டர் மாதிரி இதற்கென்றே வருவது நல்லது, டபிள்யூ.டி-40 இருந்தால் அதுவும் பரவாயில்லை. தட்டுங்கள், விடுங்கள், ஒரு மணி நேரம் கழித்து மறுபடி தட்டி மறுபடி விடுங்கள். ராத்திரி முழுக்க ஊறட்டும். பள்ளத்துக்குள் எண்ணெய் தங்கியிருந்தால் மறுநாள் திருப்புவதற்கு முன் துடைத்துவிடுங்கள், பிட் வழுக்கக் கூடாது.

மறுநாளும் அசையாவிட்டால் சூடு. ஒரே அளவு சூட்டில் அலுமினியம் இரும்பைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரியும். அதனால் பிளக்கைச் சுற்றியுள்ள உடலைச் சூடாக்கினால் துளை பெரிதாகி பிளக்கை விடும். பெயின்ட் உரிக்கும் சூட்டுக்காற்றுத் துப்பாக்கி போதும். தீ வேண்டவே வேண்டாம். ஒரு சாண் தூரத்தில் பெட்ரோல் ஓடும் குழாய் இருக்கிறது, மூக்குக்குள் ரப்பர் சீல் இருக்கிறது. முந்தின நாள் விட்ட எண்ணெயையும் நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் சூடு காட்ட வேண்டும், அது எளிதில் தீப்பிடிக்கும். பிளக்கின் மேல் அல்ல, சுற்றிலும் ஊதுங்கள். விரல் வைக்க முடியாத சூடு வந்ததும் பிட்டை வைத்துத் திருப்பிப் பாருங்கள். சூடாக்கினதால் உள்ளே அழுத்தம் இருக்கும். பிளக் விட்டதும் மேலே துணியைப் போட்டு மூடிக்கொண்டு மெதுவாகக் கழற்றுங்கள்.

சூடு, ஆறவிடுதல், எண்ணெய், தட்டுதல். இதை இரண்டு நாள் செய்து வராத பிளக் மிகக் குறைவு. நீளமான குழாயை ராட்செட்டில் மாட்டித் தொங்குவது, காற்றில் ஓடும் இம்பேக்ட் துப்பாக்கியை வைப்பது இரண்டுமே கூடாது. இவ்வளவு சிறிய பிட் முறிந்து உள்ளேயே மாட்டிக்கொண்டால் அது கடினமான எஃகு, துளையும் ஏறாது.

பள்ளம் தேய்ந்துவிட்டால்

பதற வேண்டாம், இன்னும் வழி இருக்கிறது. டி-30 டார்க்ஸ் பிட், அதாவது நட்சத்திர முனை பிட், ஒன்றை எடுங்கள். அதன் முனைக்கு முனை அகலம் ஐந்தரை மி.மீ., தேய்ந்த 3/16 பள்ளத்தைவிட ஒரு மயிரிழை பெரிது. அதைச் சுத்தியலால் தட்டி இறக்கினால் அதன் பற்கள் தேய்ந்த சுவரில் புதுப் பிடி எடுக்கும். நேராக இறங்கட்டும், சாய்ந்தால் எடுத்துவிட்டு மறுபடி. அப்புறம் அதே கதை: சூடு, அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒரே சீராகத் திருப்புதல். என் நண்பர் ஒருவர் வாங்கிய ரீகலில் முன்னால் யாரோ பள்ளத்தை முழுக்க உருட்டி வைத்திருந்தார்கள். டி-30 முதல் முயற்சியிலேயே எடுத்துக் கொடுத்தது. பிளக்கின் தலை வெளியே துருத்திக்கொண்டிருந்தால் வைஸ்-கிரிப்பால் (கவ்விப் பூட்டிக்கொள்ளும் குறடு) பிடித்தும் திருப்பலாம்.

அதுவும் போனால் இடப்புறம் சுற்றும் டிரில் பிட். கழற்றும் திசையிலேயே துளைப்பதால் பல நேரம் துளைக்கும்போதே பிளக் சுழன்று வந்துவிடும். ஆனால் இங்கே ஒரு பெரிய ஆபத்து: துளையின் நேர் கீழே பல்சக்கரம். இரும்புத் தூள் உள்ளே விழுந்தால் ஆயிலைப் பாதுகாக்க ஆரம்பித்த வேலை சூப்பர்சார்ஜரையே அழித்துவிடும். டிரில் பிட்டின் பள்ளங்களில் கிரீஸை அப்பிக்கொள்ளுங்கள், தூள் அதில் ஒட்டும். எவ்வளவு ஆழம் என்று பிட்டில் டேப் சுற்றி அடையாளம் வையுங்கள். துளைத்து முடித்ததும் ஒரு மெல்லிய காந்தக் குச்சியை உள்ளே விட்டுத் துழாவுங்கள், புது ஆயில் ஊற்றி உறிஞ்சி ஊற்றி உறிஞ்சி அலசுங்கள்.

இந்தக் கட்டம் வந்துவிட்டால் நானாக இருந்தால் துளைக்கமாட்டேன். சூப்பர்சார்ஜரைக் கழற்றி, மூக்கைப் பிரித்து மேசையில் வைத்தே பிளக்கை எடுப்பேன். மூக்கைப் பிரித்தால் புல்லியின் சுழற்சியை உள்ளே கடத்தும் பிளாஸ்டிக் கப்ளரையும் முன்பக்க சீலையும் மாற்றிவிடலாம், இந்த வயதுக் காரில் அவற்றுக்கும் நேரம் வந்திருக்கும். புதியவர்களுக்கு அது பெரிய வேலை. தெரிந்த பட்டறைக்குக் கொண்டுபோவதில் தப்பே இல்லை. நல்ல வெல்டர் என்றால் பிளக்கின் தலையில் ஒரு நட்டை ஒட்டவைத்து, அந்தச் சூட்டிலேயே ஒரு நொடியில் திருப்பி எடுத்துவிடுவார்.

உறிஞ்சுவதும் ஊற்றுவதும்

பிளக் வந்ததும் முதலில் வரப்போவது வாசனை. கெட்டுப்போன மீனும் கந்தகமும் கலந்த மாதிரி இருக்கும். ஆயில் கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள், புதிய புட்டியைத் திறந்தாலும் அதே நாற்றம்தான். கையுறை இல்லாமல் தொட்டால் ராத்திரி சாப்பிடும்போதும் விரலில் இருக்கும்.

குழாயைத் துளைக்குள் விட்டு, பல்சக்கரத்தின் ஓரமாக நெளித்து அடிவரை இறக்குங்கள். முதலில் காற்றுதான் வரும், குழாயைத் திருப்பித் திருப்பி இடம் தேட வேண்டும். 'சுர்' என்று இழுத்தால் அடியைத் தொட்டாயிற்று. எடுத்ததை ஒரு கண்ணாடிப் புட்டியில் விட்டு அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் வைத்து வெயிலில் பாருங்கள். பழுப்பு, கறுப்பு என்றால் வயதுதான். பால் கலந்தது போல இருந்தால் ஈரம் புகுந்திருக்கிறது. விரலில் தேய்த்தால் மெல்லிய சாம்பல் மை மாதிரி படிவது சகஜம். கண்ணுக்குத் தெரியும் துகள்கள் மினுமினுத்தால் பல்சக்கரமோ பேரிங்கோ தேய்கிறது. ஆயிலை மாற்றிவிட்டாலும் சத்தத்தைக் கவனித்துக்கொண்டே இருங்கள்.

சிரிஞ்சால் கடைசிச் சொட்டுவரை எடுக்க முடியாது. அதற்குத்தான் இரண்டாவது புட்டி. கொஞ்சம் புது ஆயிலை விட்டு, புல்லியைக் கையால் நாலு சுற்று சுற்றி, அதையும் உறிஞ்சிவிட்டு, அப்புறம் நிரப்புங்கள். பெல்ட்டைக் கழற்றினால்தான் புல்லி சுற்றும். கழற்றியது கழற்றியதுதான், அப்படியே புல்லியை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். கரகரப்போ ஆட்டமோ இருந்தால் பேரிங். புல்லிக்குப் பின்னால் எண்ணெய் சிதறிய கறை இருந்தால் முன் சீல் கசிகிறது. நின்றபடி ஓடும்போது கேட்கும் கடகட சத்தம் ஆக்ஸிலரேட்டரைத் தொட்டதும் மறைகிறது என்றால் பெரும்பாலும் கப்ளர்.

அளவு: துளையின் மரை முடியும் அடி விளிம்புவரை. அதற்கு மேல் வேண்டாம். 'கொஞ்சம் கூட இருந்தால் நல்லதுதானே' என்று ஊற்றினால் பல்சக்கரம் அதைக் கடைந்து நுரையாக்கும், சூடேறும், சீலைத் தள்ளிக்கொண்டு வெளியேறப் பார்க்கும். மெதுவாக ஊற்றி, பத்து நிமிஷம் விட்டு, மறுபடி அளவு பாருங்கள். உள்ளே மாட்டியிருந்த காற்று வெளியேறி மட்டம் இறங்கியிருக்கும்.

பிளக்கை மூடும்போது மரையைத் துடைத்து, ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் வெடித்திருந்தால் மாற்றி, அதில் இதே ஆயிலை ஒரு சொட்டு தடவுங்கள். டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள், பிய்ந்து உள்ளே விழும். பள்ளம் லேசாகத் தேய்ந்திருந்தாலும் பழைய பிளக்கைத் திரும்பப் போடாமல் புதியதைப் போடுங்கள். இறுக்கம் 10 நியூட்டன் மீட்டர்தான், அதாவது எல் கீயின் நீளமான கையை இரண்டு விரலால் பிடித்து இறுக்கும் அளவு. அடுத்தவர் படும் பாட்டுக்குக் காரணம் இந்த இடத்தில் காட்டும் பலம்தான்.

ஸ்பார்க் பிளக்கும் சேர்த்து மாற்ற நினைத்தால் ஒரு வார்த்தை. இந்த இன்ஜினில் ஹெட்டும் இரும்பு என்பதால் அலுமினிய ஹெட்டைப் போல மரை உரிந்து வரும் பயம் குறைவு. முன்னால் மூன்று எளிது. பின்னால் மூன்றும் டிரைவர் அறைச் சுவரை ஒட்டி இருப்பதால் கையால் தடவித்தான் வேலை. இறுகியிருந்தால் கால் சுற்று கழற்றி, எண்ணெய் விட்டு, திரும்ப இறுக்கி, மறுபடி அரைச் சுற்று என்று முன்னும் பின்னுமாக எடுங்கள்.

மினி கூப்பர் எஸ் வைத்திருப்பவர்களுக்கு

2006 வரை வந்த ஆர்53 மாடலில் ஈட்டன் எம்45 இருக்கிறது. அதில் ஆயில் அறை இரண்டு, முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. பின்பக்கப் பல்சக்கரம் தண்ணீர் பம்பையும் சுற்றுகிறது. அந்த அறை வறண்டு பல் தேய்ந்தால் தண்ணீர் பம்ப் நின்று, இன்ஜினே கொதித்துவிடும். காரின் முன்பக்கத்தைப் பிரித்து சூப்பர்சார்ஜரை வெளியே எடுத்துத்தான் இரண்டையும் ஒழுங்காக மாற்ற முடியும். ஆகவே வேறு வேலைக்காக அது வெளியே வரும் நாளில் இதைத் தவறவிடாதீர்கள். பிளக்கை அசைக்கும் முறை மேலே சொன்னதுதான். மேசையில் இருப்பதால் சூடு காட்டுவது இன்னும் சுலபம்.

வேலை முடிந்து பெல்ட்டை மாட்டியதும் துணிகளையெல்லாம் எடுத்துவிட்டீர்களா என்று எண்ணிப் பாருங்கள். இன்ஜினை ஓடவிட்டு, பிளக்கைச் சுற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். பத்து மைல் ஓட்டி, ஆறவிட்டு, மறுநாள் காலை பிளக்கைச் சுற்றி விரலால் தடவிப் பாருங்கள், காய்ந்திருக்க வேண்டும். பழைய ஆயிலை மூடியுள்ள புட்டியில் ஊற்றி, பழைய இன்ஜின் ஆயில் வாங்கிக்கொள்ளும் உதிரிபாகக் கடையில் கொடுத்துவிடலாம். தேதியையும் மைல் கணக்கையும் ஒரு டேப்பில் எழுதி பானெட்டின் உள்பக்கம் ஒட்டுங்கள், கூடவே '3/16' என்றும்.